மரம் சீவிய கை
போஸ்டிங் நாட்கள் – 6

பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தூரம் தேறியிருக்கிறார் என்று அளப்பதற்கு ஆக்குபேஷனல் தெரபி மாணவர்களின் கையில் கொடுக்கப்படும் முதல் படிவங்களில் ஒன்று பார்தெல் குறியீடு. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃபுளோரன்ஸ் மஹோனியும் டோரதியா பார்தெலும் 1965இல் வெளியிட்டது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது என்று பத்துச் செயல்கள். எல்லாவற்றையும் பிறர் உதவியில்லாமல் செய்தால் 100 மதிப்பெண். அதன் திருத்திய வடிவம் மலேசிய மருத்துவமனைகளில் இன்றும் புழங்குகிறது. சாப்பிடுவதற்கு மூலப் படிவம் தரும் விளக்கத்தைப் படித்தால், எழுதியவர்களின் சாப்பாட்டு மேசை கண்முன் வருகிறது: தட்டில் உள்ளதை நறுக்க வேண்டும், உப்பும் மிளகும் தூவ வேண்டும், வெண்ணெய் தடவ வேண்டும்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் பாட்டி வெண்ணெய் தடவுவதில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, விரல் நுனிகளில் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறார். அந்தக் கட்டைவிரல் தள்ளும் அசைவு அந்தப் படிவத்தில் இல்லை. வலது கை விழுந்துபோன பாட்டிக்கு இடது கையால் சாப்பிடப் பழக்குவதுதான் பாடப்புத்தக வழி. ஆனால் கழிப்பறையில் கழுவும் கையால் நாலு பேர் முன்னால் சோற்றைத் தொட அவருக்கு மனம் வருவதில்லை. தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. கோப்பில் ‘பசியில்லை’ என்று ஏறுகிறது.

நான் பயிற்சி பெற்ற ஒரு வார்டில் இப்படி ஒரு பாட்டி இருந்தார். மேற்பார்வை செய்த மூத்த தெராப்பிஸ்ட் அவரிடம் பலம் பற்றியோ பயிற்சி பற்றியோ ஒன்றும் பேசவில்லை. “இந்தக் கையால தொட வேணாம் பாட்டி, கரண்டி பிடிங்க போதும்” என்றார். கரண்டி நடுவில் வந்ததும் பாட்டிக்குக் கூச்சம் குறைந்தது. சாப்பிட்டார். வலது கைக்கு உள்ளங்கையில் பட்டி மாட்டி அதில் கரண்டியைச் செருகும் பயிற்சி பிற்பாடு தனியாக நடந்தது. கௌரவம் பசியைவிடப் பெரிதாக இருக்கும் ஒரு தலைமுறைக்கு எந்த வரிசையில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை எந்த விரிவுரையும் எனக்குச் சொன்னதில்லை.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு, பட்டம் பெறும் மாணவர் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளோடு பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அந்த மணி நேரங்களைத்தான் நாங்கள் போஸ்டிங் என்கிறோம். வார்டு, குழந்தைகள் பிரிவு, மனநலம், சமூக மறுவாழ்வு மையம் என்று மாறி மாறிப் போகிறோம். மலேசியாவில் இத்தொழில் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விதிகள் இருக்கின்றன, படிவங்கள் இருக்கின்றன. பேராக்கின் முன்னாள் தோட்டப்புறத்து மனிதர்கள் நாற்பது ஆண்டுகள் தங்கள் கையால் என்ன செய்தார்கள் என்ற விவரம்தான் எங்கள் பாடத்தில் இல்லை. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் படிப்பின் முதுகெலும்பு, ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் எத்தனை அசைவு, எவ்வளவு பார்வை, எவ்வளவு கவனம் என்று கணக்கெடுப்போம். ரப்பர் மரம் சீவுவதை அப்படிப் பிரித்துப் பாருங்கள். விடியுமுன் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும். பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த அதிகாலையில்தான், ஆகவே இருட்டிலேயே தலை விளக்கோடு நிரைக்குள் நுழைய வேண்டும். பழைய வெட்டின் மேல் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்தெடுத்துக் கூடையில் போட வேண்டும். பிறகு உளி. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து இறங்கும் கோட்டில், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பட்டையைச் சீவ வேண்டும். உளி உள்ளே இறங்கும் ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் உள்ளே இருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டு, மரம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிடும். ஒரு கை இழுக்கும், மறு கை உளிக்கு வழி காட்டும், கால்கள் மரத்தைச் சுற்றி நகரும். வெட்டு கீழே இறங்க இறங்க இடுப்பும் முழங்காலும் மடங்கும். இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள், நாள்தோறும். அப்புறம் திரும்பி வந்து மங்கு மங்காகப் பால் சேர்த்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும்.

இதைத் திறனற்ற வேலை என்று ஏட்டில் எழுதினார்கள். ஒரு தெராப்பிஸ்டாகப் பயிற்சி பெறுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரு கை ஒத்திசைவு, அழுத்தக் கட்டுப்பாடு, மங்கலில் பார்க்கும் திறன் என்று பார்த்தால், நான் ஆராய்ந்த வேலைகளில் இதைவிட நுட்பமானது அதிகம் இல்லை. பேராக்கில் இதன் வரலாறும் நீளம். 1877இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சீவிய கைகளுக்கு அப்படிக் காட்சிப் பலகை எதுவும் இல்லை.

பயிற்சியில் ஒரு தாத்தாவுக்கு வலது கை மெல்ல உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. வழக்கப்படி கூம்புகளை அடுக்கவும், குச்சிகளைத் துளையில் செருகவும் சொன்னோம். இரண்டு முறை செய்துவிட்டு நிறுத்திவிடுவார். “சின்னப் புள்ளைங்க வேல கொடுக்கிறீங்கம்மா” என்பார். அவர் கோப்பில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு’ என்று மட்டும் இருந்தது. கேட்டபோது, முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர் என்று தெரிந்தது. சாய்வான பலகையில் பயிற்சிக் களிமண்ணை அப்பி, முனை மழுங்கிய மரக்கத்தி ஒன்றைக் கொடுத்துச் சீவச் சொன்னோம். அவர் முதலில் செய்தது, பலகையை என் கையிலிருந்து வாங்கிச் சரிசெய்ததுதான். “இந்தச் சாய்வுல வெட்டுனா பால் வழிஞ்சு வெளிய போயிரும்மா.” இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து, பலகை முடியும்வரை இழுத்தார். அவர் கை முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன், திரும்பவில்லை. ஆனால் கூம்பு அடுக்கும்போது சில நிமிடங்களில் சோர்ந்தவர், இதை நாங்கள் நிறுத்தச் சொல்லும்வரை செய்தார். பக்கவாதத்துக்குப் பின் மூளை புதிய வழிகளைப் பழகுவதற்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மிக முக்கியம். மனம் ஒன்றாத வேலையை யாராலும் அத்தனை முறை செய்ய முடியாது.

நினைவாற்றல் சோதனைகளிலும் இதே இடைவெளிதான். கடிகாரம் வரையச் சொல்கிறோம், 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்கிறோம். பென்சில் பிடித்தே பழகாத ஒரு பாட்டிக்கு அது மறதியின் அளவுகோல் ஆகாது. அவரிடம் சம்பள நாள் கணக்கைக் கேளுங்கள், கூத்துச் சீட்டுப் பணம் யாருக்கு எந்த மாதம் விழுந்தது என்று கேளுங்கள்.

மனநலப் போஸ்டிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை, 1971இல் ‘பஹாகியா’ என்று பெயர் மாற்றப்பட்டது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஊர்ப் பெயரையே திட்டுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம், நம் வீடுகளிலும் அது கேட்கிறது. அதை விட்டுவிட வேண்டும். வேலையே மருந்து என்ற எண்ணம் இத்தகைய மருத்துவமனைகளில்தான் வேர்விட்டது. உலகெங்கும் பழைய மனநல விடுதிகளில் நோயாளிகள் நிலம் கொத்தினார்கள், துணி துவைத்தார்கள். அது சில நேரம் சிகிச்சையாகவும், சில நேரம் கூலியில்லாத உழைப்பாகவும் இருந்தது. ஆயுள் முழுக்கப் பிறருக்கு உழைத்த தோட்டத்து மனிதருக்கு மண்வெட்டியைக் கொடுத்து இதுதான் மருந்து என்று சொல்வதற்கு முன் நாம் நின்று யோசிக்க வேண்டும். அவர் கேட்ட வேலையா, நாம் சுமத்தும் வேலையா? இன்று எங்களுக்குச் சொல்லித்தரப்படும் வழி அவரைக் கேட்பதில் தொடங்குகிறது: பஸ் ஏறிக் கடைக்குப் போக வேண்டுமா, மாதப் பணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டுமா, மீண்டும் சமைக்க வேண்டுமா?

வார்டைவிட்டு வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போதுதான் முழுப்படமும் தெரிகிறது. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கைமாறின. லயத்து வீட்டில் இருந்தவர்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தார்கள். மின்தூக்கி இல்லாத மாடியில் சக்கர நாற்காலி வாசற்படியோடு நின்றுவிடுகிறது. கழிப்பறைக் கதவு குறுகல். குந்தி உட்காரும் கழிப்பறை என்றால், ஒரு பக்கம் விழுந்தவருக்கு அது தினசரி ஆபத்து. கைப்பிடி பொருத்தலாம், குந்து கழிப்பறையின் மேல் துளையிட்ட நாற்காலி வைக்கலாம், உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கலாம். இவை பெரிய செலவில்லை. ஆனால் யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

நீரிழிவு இந்தக் கதையில் எங்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதனால் கால் இழந்து வருபவர்களைப் பார்க்கும் மாணவர்களுக்கு இந்த எண் புள்ளிவிவரமாகப் படுவதில்லை.

2024இல் ஈப்போவின் மெரு ராயாவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் புதிய மறுவாழ்வு மையம் செயல்படத் தொடங்கியது. நடக்கப் பழக்கும் ரோபோக்கள் வரை அங்கே உண்டு. பேராக்குக்கு அது பெரும் வரவு, நான் மனமார மகிழ்கிறேன். ஆனாலும் சொக்சோ முதன்மையாகச் சந்தா செலுத்தும் தொழிலாளர்களுக்கானது. வேலையைவிட்டுப் பல ஆண்டுகளான தோட்டத்துப் பாட்டிகளுக்கு அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவும் வீட்டார் கையும்தான் துணை. பிள்ளைகள் வேலைக்குப் போகும் வீட்டில் மறுதேதிக்கு அழைத்து வர ஆள் இருப்பதில்லை.

ஆகவே வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். வார்டில் ஒரு மாணவர் வந்து “முன்னே என்ன வேலை செய்தாங்க?” என்று கேட்டால், “தோட்ட வேலை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். மரம் சீவினாரா, களை எடுத்தாரா, மருந்து அடித்தாரா, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தாரா, கோயிலில் மாலை கட்டினாரா, எந்தக் கையால் உளி பிடித்தார், எதை விட்டுவிட்டதற்காக இன்றும் வருந்துகிறார் என்று சொல்லுங்கள். மாணவர் கேட்காவிட்டாலும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

(தொடரும்)