மலைக்காடும் வயல்நீரும்

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்துள்ள ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் மகாவலி, களனி, வளவை ஆகிய கங்கைகளுக்கு நீரூட்டும் தலையோடைகள் ஊற்றெடுக்கின்றன. ஆதலால் அம்மலைகளின் மரஞ்செடிகள் மாறுமாயின், அதன் பயன் தாழ்நிலத்து நெல் வயலையும் சென்றடைகின்றது.

காலநிலை செய்த மாற்றம்

சமவெளியின் சதுப்புநிலப் படைகளிற் புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பருவக்காற்று வலிகுன்றிய காலத்தில் வறட்சியைத் தாங்கும் செடிகளும் புல்லும் அங்கு மிகுந்திருந்தன என்றும், பின்னர் மழை பெருகியபோது காடு பரந்தது என்றும் கண்டுள்ளனர். இம்மாற்றம் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது.

மனிதன் செய்த மாற்றம்

மனிதன் செய்த மாற்றமோ ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காக மலைச்சரிவுக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்து மேலும் உயரத்துக்கு ஏறிற்று. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாது விடவேண்டுமெனத் தாவரவியலறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். எனினும் 1960களில் ஹோட்டன் சமவெளியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் அவ்விடம் பாதுகாக்கப்பட்ட இடமாக்கப்பட்டது; பின்னர் செய்கையும் கைவிடப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் கைவிடப்பட்ட தறைகளில் வேற்றுநாட்டுப் புல் பரவியது. வெளிநாட்டிலிருந்து கொணரப்பட்ட கோர்ஸ் என்னும் முட்செடியும் அங்கு வேரூன்றிவிட்டது.

வெட்டிய காடு ஏன் எளிதில் மீள்வதில்லை?

மரநிழல் நிலத்தின் வெப்பத்தைக் காக்கின்றது. மரம் நீங்கிய வெளியில், தை மாசி மாதத்துத் தெளிந்த இரவுகளிற் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களிலே தேங்கி உறைபனியாகின்றது. அது இளங்கன்றுகளைக் கருக்குகின்றது. எஞ்சியவற்றைப் பத்தனைப் புல்லுக்கு இடப்படும் தீ அழிக்கின்றது. இவ்வாறு புல்வெளி புல்வெளியாகவே நின்றுவிடுகின்றது.

நீருக்கு நேரும் இழப்பு

மலைக்காட்டின் இலைகளும் பாசிகளும் மழையில்லாத நாளிலும் மூடுபனியைத் தடுத்து நீர்த்துளியாக்கி நிலத்திற் சொட்டச் செய்கின்றன. சருகுப்படை அந்நீரை உறிஞ்சி மெல்ல விடுகின்றது. காடு போனபின் மழைநீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு விரைந்தோடும். வாய்க்காலில் வண்டல் படியும். வரட்சிக் காலத்தில் ஓடை வற்றும். மலைநாட்டு மரக்கறித் தோட்டம் இழக்கும் மண்ணே தாழ்நிலத்துக் கமக்காரனின் வாய்க்காலைத் தூர்க்கின்றது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. பத்தனைப் புல்லுக்குத் தீயிடலாகாது.

2. சரிவு நிலத்தில் மேலிருந்து கீழாகப் பாத்தி அமைக்காது, சரிவுக்குக் குறுக்கே சமவுயரத்தில் வரம்பும் வடிகாலும் அமைத்தல் வேண்டும்.

3. ஓடைக்கரையிலும் ஊற்றைச் சுற்றியும் உள்ள மரங்களை வெட்டாது விடுதல் வேண்டும். மரமற்ற இடத்தில் உள்நாட்டு மரக்கன்றுகளை நடுதல் நன்று.

4. குளிர்காற்றுத் தேங்கும் பள்ளங்களில், உறைபனிக் காலத்தில் உருளைக்கிழங்கு, போஞ்சி போன்ற பயிர்களைத் தவிர்த்தல் வேண்டும். நாற்றுமேடையை மாலையில் வைக்கோலால் மூடி, வெயிலேறியபின் திறத்தல் வேண்டும்.

5. வேலிக்கோ அழகுக்கோ வேற்றுநாட்டு முட்செடிகளைக் கொணர்ந்து நடலாகாது.

செங்குத்தான ஒரு துண்டு நிலத்தை வெளியாக்கிப் பெறும் விளைவு சில போகங்களில் முடிந்துவிடும். அங்கிருந்து போன மேல்மண் ஒரு தலைமுறையில் மீண்டும் உண்டாகாது.