எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?

பிழைக்கப் போன ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?" என்பதுதான். இத்தாலியில் அது 'தா குவாந்தோ தெம்போ அபிதா குவி?'

பதிலுக்கு 'தா' என்ற சிறு சொல் முக்கியம். 'அபிதோ அ ரோமா தா தியேச்சி அன்னி' என்றால், "பத்து வருஷமாக ரோமில் வசிக்கிறேன்" என்று பொருள். வினைச்சொல் நிகழ்காலத்தில் நிற்கிறது, தமிழிலும் அப்படித்தானே! ஆங்கிலப் பழக்கத்தில் 'ஓ அபிதாதோ அ ரோமா பெர் தியேச்சி அன்னி' என்று சொன்னால், "பத்து வருஷம் வசித்தேன், இப்போது அங்கே இல்லை" என்றாகிவிடும். '2015-லிருந்து' என்பதற்கும் அதே 'தா', 'தால்' என்று மாறி வரும்.

வருஷக் கணக்கு அங்கே சாதாரண விஷயமல்ல. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து குடியேறியவர் குடியுரிமை கோர, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 10 வருஷம் முறைப்படி வசித்திருக்க வேண்டும். 2018 முதல் இத்தாலிய மொழித் தேர்ச்சிச் சான்றிதழும் தேவை. பத்தை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, போதிய பேர் வாக்களிக்காததால் செல்லாமற் போயிற்று.

ஆகவே, இந்த ஒரு வாக்கியத்துக்காவது ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழில் நினைத்து இத்தாலியனில் சொல்வதே நல்லது.