நீர்முள்ளி: பெயரும் களையெடுக்கும் காலமும்

வாய்க்கால் ஓரங்களிலும், ஏரி உள்வாயிலும், வடிகால் சரியில்லாத வயல் மூலைகளிலும் ஊதா நிறப் பூக்களுடன் நிற்கும் நீர்முள்ளியை அறியாத விவசாயி இலர். நீரை நாடி வளர்வதாலும், முள் உடைமையாலும் இதற்கு இப்பெயர் அமைந்தது. இதன் சாஸ்திரப் பெயராகிய ஹைக்ரோபிலா என்பதற்கும் ஈரத்தை விரும்புவது என்பதே பொருள். வடமொழியில் இதனைக் கோகிலாக்ஷம், அதாவது குயிற்கண், என்பர்.

செடி 2 முதல் 4 அடி உயரம் வளரும். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் ஆறு சூழ்ந்திருக்கும். அவற்றின் கக்கத்தில் ஒன்றரை அங்குலம் வரை நீண்ட மஞ்சள் முட்கள் காணப்படும். கடற்கழிகளில் வளரும் கழுதைமுள்ளிக்கும் நீலப் பூவே உண்டு. ஆயினும் அதன் முட்கள் இலை விளிம்பில் உள்ளன. நீர்முள்ளியின் முட்களோ கணுவில் உள்ளன. முள்ளி என்ற பொதுப்பெயரை மட்டும் நம்பி ஒன்றை மற்றொன்றாக விற்பதும் வாங்குவதும் தகாது.

நீர்முள்ளி விதை சித்த வைத்தியத்தில் உபயோகப்படுவது. நீர் பட்டவுடன் பசைபோல் வழுவழுப்பாகிவிடுமாதலால், விதை சேகரிப்போர் அதனை நன்கு உலர்த்தி, ஈரம் படாமல் வைத்தல் வேண்டும்.

இனிக் களையெடுப்பைப் பற்றிக் கவனிப்போம். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவதை ஒட்டி, சித்திரை, வைகாசி மாதங்களில் வாய்க்கால் தூர் எடுப்பது மரபு. ஆனால் இச்செடி பெரும்பாலும் ஐப்பசி முதல் பங்குனி வரை பூத்துக் காய்ப்பது. கோடையில் வெட்டுங்கால் விதை முன்னரே மண்ணில் உதிர்ந்திருக்கும். புதுத் தண்ணீர் அதனைக் கீழ்மடை வயல்களுக்கும் கொண்டு செல்லும். செய்த செலவு பயனற்றுப் போகும்.

ஆகையால் பூ எடுக்கத் தொடங்கும்போதே, மண் ஈரமாயிருக்கையில், வேரோடு பிடுங்குதல் நலம். அப்போது வேர் எளிதில் வரும். பிடுங்கிய செடியை வாய்க்காலில் எறியாமல் கரைமேல் குவித்து, எருக்குழியில் இடலாம். ஆண்டுதோறும் ஒரே மூலையில் இது முளைக்குமாயின், அவ்விடத்தில் நீர் தேங்குகிறது என்று அறிந்து வடிகாலைச் சீர்செய்க.

மேல்மடைக்காரர் விட்டுவிட்டால் கீழ்மடைக்காரர் உழைப்பு வீணாகும். எனவே ஒரு வாய்க்காலின் ஆயக்கட்டுதாரர் அனைவரும் ஒரே வாரத்தில் இவ்வேலையைச் செய்யும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்வது மிகவும் அவசியம்.