உங்களுக்குத் தெரியுமா? தாயின் தலையில் வளரும் பிள்ளை

மழைக்காலத்தில் மதில் சுவரைப் பச்சையாக்கும் மாஸ் செடிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது, உண்மையான வேரும் கிடையாது. அதன் ஆணணுக்களுக்கு இரண்டு வால்கள் உண்டு. நீந்தித்தான் பெண்ணணுவை அடைய வேண்டும். மழை ஈரம் இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை!

கருவுற்றபின் வருவது தனிச் செடியன்று. தாயின் உச்சியிலேயே ஒரு மெல்லிய காம்பும், அதன் நுனியில் ஒரு சின்னக் குடுவையும் எழும். அந்தப் பிள்ளை கடைசிவரை தாயின் தயவில்தான் வாழும். ஃபியூனேரியா என்ற மாஸின் குடுவை வாயை லென்ஸில் பாருங்கள்: இரண்டு வட்டங்களில் வட்டத்துக்குப் பதினாறாக நுண்பற்கள்! காற்றின் ஈரம் ஏற இறங்க அவை அசைந்து, தூள் போன்ற ஸ்போர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஈரமண்ணில் விழும் ஸ்போர் முதலில் பச்சை நூலாகப் படரும். அந்த நூலில் அரும்பும் மொட்டுகளே புதுச் செடிகள்.

காய்ந்து சருகானாலும் பல மாஸ்கள் தண்ணீர் பட்டதும் பச்சை பிடித்துவிடும். அதைவிட ஆச்சரியம் அண்டார்க்டிக் பகுதியின் சிக்னி தீவில்: 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக உறைந்துகிடந்த மாஸ், ஆய்வகத்தில் மீண்டும் துளிர்த்ததாக 2014இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.