உபாத்தியாயர்க்கு நாம் பட்ட கடன்

பள்ளிக்கூடத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்தவர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினும் ஈற்றில் ஹைஸ்கூல் நாட்களிலே வந்து நிற்கும். கலாசாலையிற் கற்றது மறந்து போகும். உத்தியோகத்தில் அடைந்த மதிப்பும் நாளடைவில் மங்கும். ஆனால், பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரையில் நமக்குப் பாடஞ் சொன்ன உபாத்தியாயர்களின் குரலும் நடையும், கோபமும் அன்பும் நெஞ்சை விட்டு அகல்வதில்லை. அந்நினைவு இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது வெறும் இனிமையோடு முடிந்து விடலாமா என்பதே இன்று நேயர்கள் முன்னிலையில் நாம் வைக்க விரும்பும் வினா. கடன் பட்டவன் கடனை நினைத்து மகிழ்ந்து கொண்டிருந்தாற் போதாது. அதனைத் தீர்த்தல் வேண்டும்.

சிறு குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதால் ஏழைத் தந்தைக்கு நஷ்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. அக்குழந்தைக்குப் பதின்மூன்று வயது ஆகும்போதுதான் சோதனை தொடங்குகிறது. பையனுடைய கை கூலிக்கு உதவும் கையாகிறது. பெண்ணாயின் வீட்டு வேலை அவளை அழைக்கிறது. அடுத்தாற்போலக் கலியாணப் பேச்சும் எழுகிறது. கணிதமும் இங்கிலீஷும் கடினமாவதும் அந்த வயதிலேதான். ஆகவே, ஹைஸ்கூல் உபாத்தியாயருக்கு வேலைகள் இரண்டு. பாடஞ் சொல்வது ஒன்று. பிள்ளையைப் பள்ளியை விட்டுப் போகாதபடி பிடித்து நிறுத்துவது மற்றொன்று. முன்னதற்குச் சம்பளம் உண்டு; பின்னதற்கு இல்லை. எனினும், நாம் வாழ்நாள் முழுதும் மறவாதிருப்பது பின்னதைச் செய்தவர்களையே.

நாம் கடலூரில் பயின்ற காலத்தில், முதல் வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பின் நடுவிலே திடீரென்று வராமற் போனான். மூன்றாம் நாள் மாலை, கணக்கு உபாத்தியாயர் தமது சைக்கிளில் ஏறித் துறைமுகத்தண்டையிலிருந்த அவன் வீட்டைத் தேடிச் சென்றார். தந்தை கடன் தொல்லையால் பையனைப் படகு வேலைக்கு அனுப்பியிருந்தார். உபாத்தியாயர் அவருக்கு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பரீட்சைக் கட்டணத்தைத் தாமே கட்டுவதாகச் சொல்லி, பரீட்சை முடியும் வரையிலாவது பிள்ளையை விடும்படி கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை அவன் வகுப்பில் இருந்தான். இதனை உபாத்தியாயர் எவரிடத்தும் சொன்னதில்லை. அம்மாணவன் வாயிலாகவே நாம் அறிந்தோம். இத்தகையோர் ஊர்தோறும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்தம் பெயர்கள் பத்திரிகைகளில் வருவதில்லை.

பெயர் நிலைத்த ஒருவர் கடலூருக்குத் தெற்கே, சிதம்பரத்தில் வாழ்ந்தார். அவர் சுவாமி சகஜானந்தர். 1890-ஆம் ஆண்டில் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில், ஆதிதிராவிடக் குடும்பத்திலே பிறந்தவர். மிஷன் பாடசாலையிற் பயின்று வந்த அவர், மதம் மாற இசையாமையால் படிப்பை இடையில் விட நேர்ந்தது. பின்னர்த் துறவு பூண்டு சிதம்பரம் வந்தார். எந்தத் தலத்தில் நந்தனார் வாயிலில் நின்று ஏங்கினார் என்று பெரிய புராணம் போற்றுகிறதோ, அதே தலத்தில் 1916-ஆம் ஆண்டு நந்தனார் பெயராலேயே அவர் ஒரு கல்விக் கழகத்தையும் பாடசாலையையும் நிறுவினார். பாடசாலை கிடையாமற் போனவர் பாடசாலை கண்டார் என்பதே இச்சரித்திரத்தின் சாரம்.

சேரியிலிருந்து வரும் பிள்ளைக்குப் புத்தகம் மட்டும் கொடுத்தாற் போதாது என்பதைச் சுவாமிகள் நன்கு உணர்ந்திருந்தார். உண்ண உணவும் உறங்க இடமும் இன்றேல், பாடம் செவியில் ஏறாது. ஆகவே, பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தோன்றியது 1956-இல், எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது 1982-இல். அரசாங்கம் பின்னாளிற் செய்ததைக் காவியுடுத்த ஒருவர் அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னரே தம் மடத்தளவிற் செய்தார். 1927-ஆம் ஆண்டு சிதம்பரம் வந்த காந்தியடிகள், நந்தனாரின் வழி தன்னைத் தானே வருத்தித் தடைகளை வென்ற தூய வழி என்று புகழ்ந்தார். சுவாமிகள் சென்னைச் சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்து தம் மக்களுக்காகப் பேசினார்; 1959-இல் மறைந்தார். சிறிதாகத் தொடங்கிய அவரது முயற்சியின் பயனாக, நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் இன்று மேல்நிலைப்பள்ளிகளாக விளங்குகின்றன.

அதே சிதம்பரத்தில் 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கலாசாலையும், 1929-இல் அண்ணாமலை சர்வகலாசாலையும் எழுந்தன. 1935-இல் அதன் துணைவேந்தராக வந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார், முன்னர்த் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலின் தலைமை உபாத்தியாயராக விளங்கியவர். சர்வகலாசாலைக்குச் செல்லும் வழி ஹைஸ்கூலின் ஊடேதான் போகிறது என்பதை அவரினும் நன்கறிந்தவர் எவர்? வழி நடுவே அறுந்து போனால், எல்லையில் எத்துணைப் பெரிய மாளிகை இருந்தும் ஏழைப் பிள்ளைக்குப் பயன் யாது?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இற் பிறந்த ஜெயகாந்தன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டும் 2002-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசைப் பெறவில்லையா என்று கேட்பாருண்டு. உண்மையே. ஆனால், அவர் கல்வியை விட்டு ஓடவில்லை. சென்னையில் கம்யூனிஸ்டுக் கட்சி அலுவலகத்தில் அவருக்கு வேறொரு பள்ளி கிடைத்தது. பரிவோடு கற்பித்த பெரியோர் அங்கே இருந்தனர். பள்ளியை விட்ட பிள்ளைகள் அனைவர்க்கும் அத்தகைய இடம் கிடைப்பதில்லை. கரையேறிய ஒருவரின் புகழை நாம் அறிவோம். மூழ்கிப் போனவர்களின் பெயர்களை அறிவார் யார்?

நமது சட்டங்கள் இவ்விஷயத்தில் எவ்வாறு நிற்கின்றன என்று பார்ப்போம். கட்டாய ஆரம்பக் கல்விக்காகக் கோகலே 1911-இற் கொணர்ந்த மசோதாவை அந்நிய ஆட்சி நிறைவேற விடவில்லை. சுதந்திர பாரதத்தின் அரசியல் சாசனம், பதினான்கு வயது வரையில் அனைவர்க்கும் இலவசக் கல்வி பத்தாண்டுகளுக்குள் அளிக்க முயல வேண்டும் என்றது. அது அடிப்படை உரிமையாகச் சாசனத்தில் ஏறியதோ 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதற்குரிய சட்டம் பிறந்தது 2009-இல். அவ்வுரிமையும் ஆறு முதல் பதினான்கு வயதளவில் நின்று விடுகிறது. மற்றொரு புறம், குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016-இற் செய்த திருத்தமோ, பதினான்கு வயது நிரம்பியவர்க்கு அபாயகரமான தொழில்களை மட்டுமே விலக்குகிறது. ஆகப் பள்ளிக்குச் செல்லும் உரிமை முடியும் நாளும், கூலிக்குச் செல்லும் அனுமதி பிறக்கும் நாளும் ஒன்றாக இருக்கின்றன! அப்போது பிள்ளை எட்டாம் வகுப்பையோ ஒன்பதாம் வகுப்பையோ முடித்திருப்பான், அவ்வளவே.

அரசாங்கம் கைகட்டி இருந்தது என்று நாம் கூறோம். அரசினர் பள்ளியிற் பயின்ற பெண்கள் மேற்படிப்புப் படிக்க மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2022-இல் தொடங்கியது. 2024-இல் ஆண்களுக்கும் அதுபோன்றதொன்று ஏற்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆயினும், திட்டம் என்பது கொடுப்பவரின் தயவு. உரிமை என்பது பெறுபவரின் உடைமை. தயவு மாறலாம்; உரிமையை நியாயஸ்தலத்திற் கேட்டுப் பெறலாம்.

ஆதலின், கல்வியுரிமை பதினெட்டு வயது வரையில், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரையில் நீளல் வேண்டும். இதனைத் தேசம் முழுவதும் ஒரே குரலாகக் கேட்டல் வேண்டும். அது நிறைவேறும் வரையில், நம் ஒவ்வொருவருக்கும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய மாணாக்கர் சங்கங்கள் ஆண்டுக்கொரு விருந்தோடும் படத்தோடும் நின்று விடுகின்றன. அவை தத்தம் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வராமற் போகும் பிள்ளைகளின் பெயர்களைத் தலைமை உபாத்தியாயரிடம் மாதந்தோறும் கேட்டறிந்து, அவர்தம் வீட்டுப் படியேறட்டும். பெற்றோரின் இடுக்கண் யாது என்று விசாரிக்கட்டும். வேண்டிய பொருள் பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும். வேண்டுவது படியேறும் மனமே.

நமக்காக அன்று ஒருவர் படியேறினார். அவருக்கு அதனைத் திருப்பிக் கொடுக்க இயலாது. இன்று வகுப்பில் வெறுமையாகக் கிடக்கும் இடத்திற்கு உரிய பிள்ளைக்கே கொடுக்க இயலும். அவ்வாறு கொடுப்பதே உபாத்தியாயர் கடனைத் தீர்க்கும் முறை என்பது நமது துணிபு.