சேம அச்சும் ஜிப்சியின் முன் அச்சும்

உப்பு வணிகர்கள் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூற்றில் (102) ஔவையார் சொல்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரிக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? மேடு பள்ளத்தில் எங்கே முறியுமோ, யாருக்குத் தெரியும்? அந்தமானில் நமக்கு நடுவில் கடலும் இருக்கிறது. தப்பான சாமான் வந்துவிட்டால் அடுத்த கப்பல்வரை வண்டி நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். மாயாபந்தரில் வாடகைக்கு ஜிப்சி ஓட்டிய நம்மவர் ஒருவர் முன் ஆக்சில் ஷாஃப்ட் கேட்டார். அகலமான டயரைப் பார்த்து ‘வைட் டிராக்’ என்று நினைத்து சென்னைக்கு ஆர்டர் போட்டேன். வந்தது நீளம். மூன்று வாரம் அவருக்குப் பிழைப்பு இல்லை.

விஷயம் இதுதான். மாருதி ஜிப்சி 1985 டிசம்பரில் வந்தது. அப்போது இரண்டு முன் சக்கரங்களுக்கும் இடையே 1,210 மி.மீ. 1993-ல் அதை 1,300 ஆக்கினார்கள். பக்கத்துக்கு 45 மி.மீ. கூடுதல், ஆக, ஹவுசிங்கும் ஷாஃப்டும் பழைய வண்டிக்குச் சேராது. ரிம் மாற்றியிருந்தால் டயரை அளந்து பயனில்லை, ஹவுசிங்கைத்தான் அளக்கணும். டிஃப்ரன்ஷியல் நடுவில் இல்லாததால் இடது, வலது ஷாஃப்டும் ஒரே நீளம் கிடையாது. எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

1996-ல் ‘கிங்’ வந்தபோது என்ஜின் மாறியது, முன் அச்சின் அமைப்பு மாறவில்லை. ஒரே நீள இரும்புக் குழல், கீழே பட்டை, முனையில் உருண்டை நக்கிள், மேலும் கீழும் கிங்பின் பேரிங். 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும் அதே நீள அச்சுதான்; பட்டை போய் காயில் ஸ்பிரிங் வந்திருக்கிறது. மஹிந்திரா வேறு வழி போனது. 2010 தாரின் சி.ஆர்.டி.இ. வண்டியிலேயே முன் சக்கரங்கள் தனித்தனியே அசையும். தார் சாலையில் அது சுகம். கல்லும் சேறும் என்றால் என் ஓட்டு நீள அச்சுக்கே.

ஒரு வேடிக்கை: பழைய வில்லிஸ் ஜீப், ஜிப்சி, ஜிம்னி மூன்றுக்கும் ஐந்து ஸ்டட், வட்டம் 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். அதற்காக ரிம்மை அப்படியே மாட்டிவிடக் கூடாது.

நம் ஊர் உப்புக்காற்றில் முதலில் போவது நக்கிள் சீல். உருண்டையில் கெட்டி கிரீஸ் வழிந்தால் வெளி சீல் போச்சு. தண்ணியாக எண்ணெய் வழிந்தால் உள்சீல் போய் டிஃப்ரன்ஷியல் ஆயில் வருகிறது என்று அர்த்தம். ஸ்டியரிங் உதறினால் டயர் பேலன்ஸ் மட்டும் பார்த்து விடாதீர்கள், கிங்பின் பேரிங்கையும் ஆட்டிப் பாருங்கள்.

அந்த நீள ஷாஃப்ட் என் கடைப் பரணில் இன்னும் இருக்கிறது. 1993-க்குப் பிந்திய வண்டி வைத்திருப்பவர் யாரேனும் வந்தால் வாங்கின விலைக்கே கொடுக்கிறேன்.