புதையிலையில் ஓக் மரத்தை அறிதல்

தென் கர்நாடகத்தின் ஹனூரைச் சுற்றியுள்ள பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. நிலத்தில் செடிகள் தோன்றியதே 50 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில் என்பதால், அவற்றில் இலைப் புதைபடிவத்தைத் தேடுவது வீண். தென்னிந்திய மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் ஓக் இனமும் இல்லை. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கப்படும் சில்வர் ஓக், பெயரால் மட்டுமே ஓக்.

இந்தியாவின் ஓக் புதையிலைகளுக்குப் பெயர்பெற்றவை காஷ்மீரின் கரேவாப் படிவுகள். அதாவது, பழைய ஏரியொன்றின் அடியில் படிந்து, பின்னர் பீர் பஞ்சால் மலைத்தொடர் எழுந்தபோது அதனுடன் உயர்த்தப்பட்ட களிமண், மணல் அடுக்குகள். 1940களில் தாவரவியலாளர் ஜி. எஸ். பூரி அவற்றின் இலைகளை ஆராய்ந்து, இன்றைய இமயமலை மரங்களோடு ஒப்பிட்டார்.

வளைந்த மடல்கள் கொண்ட ஐரோப்பிய ஓக் இலையை எதிர்பார்ப்பவர் இங்கு ஏமாறுவார். இமயமலை ஓக் இலைகள் பெரும்பாலும் மடலற்றவை, நீள்வட்டமானவை, விளிம்பில் பல்லுடையவை. எனவே வடிவத்தைவிட நரம்பே நம்பகமான சான்று. இலையின் நடுவே ஓடும் நடுநரம்பிலிருந்து பிரியும் பக்க நரம்புகள், ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாகச் சென்று, பல் உள்ள இடத்தில் அதன் நுனியைத் தொடுகின்றன. அவற்றிடையே ஏணிப்படிகள்போல் மெல்லிய குறுக்கு நரம்புகள் அமைகின்றன. செஸ்ட்நட் இலையும் இவ்வாறே இருப்பதாலும், ஒரே ஓக் மரத்தில் இளங்கிளை இலை முள்விளிம்போடும் முதிர்கிளை இலை பல்லின்றியும் காணப்படலாம் என்பதாலும், ஒற்றை இலையைக் கொண்டு இனத்தை உறுதிசெய்வது துணிச்சலே. பல இலைகளும், கிடைத்தால் கிண்ணத்தில் அமர்ந்த காயும் வேண்டும்.